சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

ஐம்பத்தைந்து வயதில் நான் பிரெஞ்சு படிக்கப் போனது அந்த மொழியின் மேல் ஆசைப்பட்டு அல்ல. என் மகன் ஒரு பிரெஞ்சுப் பெண்ணை விரும்பினான். நல்ல பிள்ளை. லண்டனில் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே சமையலறைக்குள் வந்து, நான் வெங்காயம் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் நின்றுதான் கதைக்கும். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுடைய தாய்தான் என்னைக் கவலைப்பட வைத்தவர். கணவரை இழந்து, பிரான்சின் வடக்கே லீல் என்ற நகரத்தில் தனியாக இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

கல்யாணம் அடுத்த வருடக் கடைசியில் என்று முடிவான அன்று, "அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் எப்படிக் கதைக்கப் போறீங்கள்?" என்று மகன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்டான். எனக்கு அது குத்தியது. சம்பந்தி என்று ஒருவர் வாய்த்து, அவரோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் மணவறைக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதா? அடுத்த வாரமே குரோய்டனில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

என் கணவர் இதை நம்பவில்லை. "உமக்குக் கோபம் வந்தாத்தான் இங்கிலீசே வரும்," என்றார். "பிரெஞ்சுக்கு என்ன செய்யப் போறீர்?"

வகுப்பு சிறியது. ஆசிரியை பிரான்சின் தென்பகுதியிலிருந்து வந்த இளம்பெண். கையை ஆட்டாமல் அவரால் ஒரு வசனம் பேச முடியாது. மாணவர்களில் எனக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தபால்காரர். மற்றவர் நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். அவர் ஏன் பிரெஞ்சு படிக்கிறார் என்று கேட்டேன். பாரிசில் சாமான் எடுக்கும் கடைகளில் பேச வேண்டுமாம்.

"அங்க கடை வச்சிருக்கிறது எல்லாம் எங்கட ஆக்கள்தானே, அண்ணை?"

"அதுதான் தங்கச்சி பிரச்சினை. தகப்பன் தமிழில எனக்கு ஒரு விலை சொல்லுறார். பிறகு மகனோட பிரெஞ்சில ஏதோ கதைச்சுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு என்னெண்டு எனக்குத் தெரியவேணும்."

வகுப்பில் நான் முதன்முதலில் சுத்தமாகச் சொல்லப் பழகியது 'நோன் மெர்சி'. வேண்டாம், நன்றி. மூக்கால் சொல்ல வேண்டிய அந்த 'நோன்' மற்றவர்களுக்கு வரவில்லை. எனக்கு அச்சொட்டாக வந்தது. ஆசிரியை கைதட்டினார். வீட்டுக்கு வந்து கணவர் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொன்னேன்.

இரண்டாம் வருடம் தொடங்கிய கையோடு ஆசிரியை ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை காலையில் ரயிலில் போய் இரவுக்குள் திரும்பலாம். எந்த ஊர் என்று கேட்டோம். லீல் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகனிடம் சொன்னேன். அவன் அவளிடம் சொல்ல, அவள் தாயிடம் சொல்ல, மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் பிரியும் நேரத்தில் நான் சம்பந்தி வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. தானும் வருவதாக மகன் சொன்னான். நான் மறித்துவிட்டேன். அவன் வந்தால் அவன்தான் கதைப்பான். நான் வழக்கம்போல் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பேன். கல்யாணத்துக்கு முன் அந்தத் தாய் என்னைப் பார்த்து, 'இவளிடம் என் பிள்ளையை நம்பி விடலாம்' என்று நினைக்க வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை வேலையால் வந்து பயித்தம் பணியாரம் சுட்டு, டப்பாவில் அடுக்கினேன். அடுத்த நாள் புரட்டாதிச் சனி. எனக்கு விரதம். மச்சமும் இல்லை, முட்டையும் இல்லை. காலையில் ஒரு வெறுந்தேத்தண்ணியோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டேன்.

லண்டனில் ரயில் ஏறும் இடத்திலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். இந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்காக நான் குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்தின் வரிசைகளில் நின்ற நாட்கள் கொஞ்சமல்ல. கடைசியில் அது கையில் இருக்கும்போது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி, இப்போது அதற்குத்தான் நீள வரிசை. அண்ணை ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் காட்டி அந்தப் பக்கத்தால் சுளுவாகப் போய், கண்ணாடிக்கு அப்பால் நின்று எனக்குக் கையசைத்தார். கோப்பி ஒன்றும் வாங்கிவிட்டார். எரிச்சலாக இருந்தது.

ரயில் கடலுக்கு அடியில் போனபோது ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது. என் கணவர் முதன்முதலில் இந்தக் கடலைத் தாண்டியது ஒரு லொறிக்குள், தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால். எனக்கு ஜன்னலோர இருக்கையும் மடியில் பணியார டப்பாவும். அதை நினைத்ததும் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பத் தோன்றியது. சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லை.

லீல் அழகான ஊர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்திலேயே பெரிய சதுக்கம். அதைச் சுற்றி ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் உயரமான வீடுகள். சிவப்புச் செங்கல்லும் மஞ்சள் கல்லுமாகக் கட்டி, யன்னலுக்கு மேல் பழக்குலைகளும் குழந்தை முகங்களும் செதுக்கியிருந்தார்கள். காலை மழை விட்டு, கல் பதித்த தரை பளபளத்தது. கடைக்காரர்கள் கதிரைகளைத் துடைத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். எவரும் அவசரப்படவில்லை. லண்டனில் இருந்து வந்தவர்களுக்கு அதுவே ஒரு காட்சி.

ஆசிரியை எங்களைச் சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வீட்டுச் சுவரில் இரும்புக் குண்டுகள் பதிந்திருந்தன. எப்போதோ ஒரு முற்றுகையில் எதிரிகள் பீரங்கியால் அடித்தவையாம். அவற்றைப் பிடுங்கி எறியாமல், சுற்றிப் பூசி, அப்படியே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அண்ணையும் நானும் எடுக்கவில்லை.

"எங்கட வீட்டுச் சுவரில ஷெல் பட்ட ஓட்டையை அப்பா சீமெந்து போட்டு மூடினவர்," என்றார் அவர்.

"எங்கட வீட்டில மூடச் சுவர் மிஞ்சேல்லை அண்ணை," என்றேன்.

தபால்காரர் முன்னால் ஒரு குட்டி நாயிடம் குனிந்து "போன்ஜூர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கண்ணில் பட்ட எல்லா நாய்க்கும் அவர் வணக்கம் வைத்தார். வேலைக் காலம் முழுக்க நாயிடம் கடி வாங்கியவர். பிரெஞ்சு நாய்களோடாவது சமாதானமாக இருக்கலாம் என்று பார்த்தாராக்கும்.

ஆளுக்கு ஒரு பொருளை, ஆங்கிலம் பேசாமல், தனியாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டும் என்பது ஆசிரியை தந்த வேலை. அண்ணை பாற்கட்டிக் கடைக்குள் போய்க் கடைக்காரியோடு பேரம் பேசினார். அங்கே பேரம் பேசும் வழக்கமே இல்லை என்று ஆசிரியை பிறகு தலையில் கைவைத்தார். நான் பூக்கடைக்குப் போனேன். வாசலில் மஞ்சள் செவ்வந்தி தொட்டி தொட்டியாக இருந்தது. சாமிக்கு வைக்கிற பூ. இதைவிட மங்கலமானது எது? சம்பந்திக்கு என்று ஒரு தொட்டியைத் தூக்கிவிட்டேன். ஆசிரியை ஓடிவந்து கையைப் பிடித்தார். இங்கே செவ்வந்தி கல்லறைக்கு வைக்கும் பூவாம். புருஷனை இழந்த பெண்ணுக்கு அதைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! பிள்ளையாரே என்று தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, ரோசாப்பூக் கொத்து ஒன்றைப் பிரெஞ்சில் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு வரவேண்டிய கண்டம் அதோடு கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய வணிகக் கூடம் ஒன்றின் நடு முற்றத்தில் பழைய புத்தகம் விற்கிறார்கள். ஓரத்தில் வயதானவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் அந்த முற்றத்தில் கூட வேண்டும், பிறகு தேவாலயம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி ஆசிரியை எங்களைப் பிரித்துவிட்டார். அந்தத் தேவாலயத்தின் முன்சுவர் மெல்லிய சலவைக்கல்லால் ஆனது, வெளியே பார்க்க வெறும் சாம்பல் நிறம், உள்ளே போனால் வெயில் பட்டு அந்தச் சுவரே செம்மஞ்சளாக ஒளிரும் என்றார். பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் எனக்கு முதலில் வேறு வேலை இருந்தது.

சம்பந்தியின் வீடு அங்கிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். லிப்ட் இல்லை. மரப்படி சுழன்று சுழன்று போனது. கதவைத் திறந்தவர் என்னைவிட ஒல்லி, என்னைவிட உயரம், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். உதட்டுச் சாயம் புதிதாகப் பூசியிருந்தார். எனக்கும் அன்று காலையில் எந்தச் சேலை என்று பெரிய யோசனைதான். இரண்டு பேரும் பயந்துபோய்த்தான் இருந்தோம். கன்னத்தோடு கன்னம் வைத்தார். எந்தப் பக்கம் முதலில் என்று தெரியாமல் என் மூக்கு அவர் கண்ணாடியில் இடித்தது.

வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினேன். அவர் திகைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டி, பிறகு தன் காலில் இருந்த வீட்டுச் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தார். அவருடைய செருப்பை நான் போட்டால் அவர் எதைப் போடுவார்? "நோன் மெர்சி," என்றேன். மூக்கால், அச்சொட்டாக.

பூவைக் கொடுத்தேன். பணியார டப்பாவைக் கொடுத்தேன். அவர் டப்பாவைத் திறந்து, நான் பார்த்திருக்கவே ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், ஒரு சொல்லுக்குக்கூட மறுக்கவில்லையே என்று தோன்றாமல் இல்லை. எங்கள் ஆட்கள் என்றால் டப்பாவை வாங்கி, "ஏன் இவ்வளவு கரைச்சல் பட்டனீங்கள்" என்று ஒரு பாட்டம் குறைப்பட்டு, அதைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. வெள்ளைத் துணி, நல்ல பீங்கான், நடுவில் வட்டமாக, மாவுக்குள் மரக்கறி வைத்துச் சுட்ட ஒரு 'பை'. மேலே பொன்னிறமாக வெந்து, பச்சைக் கீலங்களாக லீக்ஸ் தெரிந்தது. ஊரில் நாங்கள் பால்கறி வைக்கிற, வெங்காயத்தாள் போன்ற அதே லீக்ஸ். பக்கத்தில் சீனி உருகி ஓடிய ஓர் இனிப்புப் பண்டம். அந்த வாசத்துக்கு என் வயிறு சத்தம் போட்டது. விரதம் இருந்த வயிறு.

"கோப்பி?" என்று கேட்டார்.

"நோன் மெர்சி."

பையைக் காட்டி, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "நோன் மெர்சி." வயிற்றைத் தடவி, நிறைந்திருக்கிறது என்று அபிநயமும் பிடித்தேன். இனிப்பு? "நோன் மெர்சி." கடைசியாக ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி நீட்டினார். வாய் பழகிவிட்டது. அதற்கும் அதுவே வந்தது.

எங்கள் வீடுகளில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. அது மரியாதைக்குச் சொல்வது. கேட்டவுடன் வாரி எடுத்தால் காணாததைக் கண்டவள் என்பார்கள். வீட்டுக்காரி அதைக் காதில் வாங்காமல் இரண்டாம் தரம் கேட்பாள். "இப்பதான் சாப்பிட்டனான்" என்போம். மூன்றாம் தரம் அவள் கோபிப்பதுபோல் கோபிப்பாள். "சரி, உங்கட மனசுக்காக, துளிப்போலப் போடுங்கோ" என்போம். அவள் தட்டை நிரப்புவாள். இதை எவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடுவதுபோல் வரும். முட்டை சேர்த்ததோ என்று அப்போது கேட்டுவிட்டு வாங்கலாம் என்று, நான் அங்கே கதிரையில் நேராக உட்கார்ந்து, இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன்.

இரண்டாம் தரம் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பையின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடி, உள்ளே கொண்டுபோனார். இனிப்பும் போயிற்று. குவளையும் போயிற்று. குளிர்சாதனப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பிறகு அவருடைய மகளின் சின்ன வயதுப் படங்களைப் பார்த்தோம். நான் எனக்குத் தெரிந்த வசனங்களைச் சொன்னேன். அவர் மெதுவாகப் பதில் சொன்னார். ஆனால் முகத்தில் முதலில் இருந்தது இல்லை. எனக்கும் உள்ளே சுருக்கென்று இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவளை இன்னொரு தரம் கேட்டால் என்ன? பெண்ணைக் கொடுக்கிற இடம், இவ்வளவுதானா உபசாரம்? கொஞ்ச நேரத்தில், வகுப்பு காத்திருக்கிறது என்று சொல்லி எழும்பினேன். அவர் மறிக்கவில்லை.

முற்றத்துக்கு வந்தபோது அண்ணை ஒரு மர வாங்கில் உட்கார்ந்து உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் பக்கத்தில் பழைய நாய்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, சம்மந்தி வீட்டுச் சாப்பாடு பலமோ?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கேல்லை அண்ணை."

"ஏன், ஒண்டும் தரேல்லையோ?"

"கேட்டவதான். நான் வேண்டாம் எண்டனான். ஒருக்காக் கேட்டுட்டு அப்பிடியே எல்லாத்தையும் உள்ளுக்க கொண்டுபோயிட்டா!"

அண்ணை பொரியலைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவியாதேங்கோ. நான் ஜெர்மனிக்குப் போன புதுசில ஒரு தளபாடக் கடையில வேலை. முதலாளியின்ர மனிசி மத்தியானத்தில சூப் வேணுமோ எண்டு கேப்பா. நான் மரியாதைக்கு வேண்டாம் எண்டுவன். அவவும் சரியெண்டு போயிடுவா. சூப் மணக்க மணக்க வெறும் வயித்தோட மேசைக்கு வானிஷ் அடிச்சன். கடைசியில ஒருநாள் தலை சுத்தி விழுந்த பிறகுதான் அவவுக்கு விளங்கினது. இங்க வேண்டாம் எண்டா வேண்டாம்தான், தங்கச்சி. இன்னொரு தரம் கேட்டா அது உங்களுக்கு மரியாதை இல்லையெண்டு நினைப்பினம்."

நான் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. மகன். அவன் ஆங்கிலத்தில் கதைத்தான். 'அம்மா' மட்டும் தமிழ்.

"அம்மா, அங்கே என்ன நடந்தது? அவளுடைய அம்மா போனில் அழுகிறார். 'என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை, என் செருப்பைக்கூடத் தொடவில்லை, அந்த வீட்டில் என் மகள் எப்படி இருக்கப் போகிறாள்' என்று கேட்கிறாராம்."

நான் அண்ணைக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தேன்.

"நீங்கள் விரதம், முட்டையும் சாப்பிட மாட்டீர்கள் என்று நான்தான் சொல்லி வைத்தேன். முட்டை போடாமல் அந்தப் பை உறைந்து வரவில்லையாம். நேற்று முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார். நான் அவரோடு கதைத்து விளங்கப்படுத்தட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். இந்த வேண்டாம் உண்மையான வேண்டாம். "நீ ஒண்டும் சொல்லாதை. நான் போறன்."

போனை வைத்த பிறகும் நான் எழும்பவில்லை. ஒரு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் வருவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோபக்காரர் குடிக்கமாட்டார். அதைவிட, தங்களை உயர்த்தி நினைத்தவர்கள் தாங்கள் தாழ்த்தி வைத்தவர்களின் வீட்டில் குடிக்கமாட்டார்கள். முற்றத்தில் நின்று காரியத்தைக் கதைத்துவிட்டு, நீட்டிய செம்பைத் தொடாமல் திரும்புவார்கள். அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களின் முகத்தைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். சற்று முன் ஒரு பெண் குவளையோடு நின்றபோது அதே முகம்தான் என் முன்னால் இருந்தது. நான் அதை உபசாரம் தெரியாத முகம் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊரும் வழக்கமும் ஒன்றுமே தெரியாத அவருக்கு, அந்தத் தண்ணீர் மட்டும் எப்படிச் சரியாக விளங்கியது?

அண்ணைக்கு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆசிரியை வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் தேவாலயத்துக்குப் போகும் வழியை மாற்றி, முழு வகுப்பையும் என்னோடு அந்தத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க எனக்கு ஒரு நீண்ட வசனம் சொல்லித் தந்தார். மன்னிக்க வேண்டும், எங்கள் வழக்கத்தில் முதலில் மறுப்பது மரியாதை, உங்கள் அன்பை நான் மறுக்கவில்லை என்று வரும். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு பக்கம் அண்ணை திருத்தினார், மறுபக்கம் தபால்காரர் திருத்தினார். இரண்டு பேரின் திருத்தமும் பிழை. ரயிலுக்கு நேரம் இருக்கிறது, ஸ்டேஷனுக்கு நேரே வந்தால் போதும் என்றார் ஆசிரியை. கட்டட வாசலில் அவர்கள் நின்றுவிட்டார்கள். நான் படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் அந்த வசனத்திலிருந்து ஒரு சொல் உதிர்ந்தது.

கதவு திறந்தது. உதட்டுச் சாயம் அழிந்திருந்தது. கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டு, நான் எதையோ மறந்துவிட்டுப் போனேன் என்று நினைத்து, கதிரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வசனம் போயே போய்விட்டது. மன்னிப்பும் இல்லை, வழக்கமும் இல்லை. என்னிடம் எஞ்சியிருந்தது முதலாவது மாத வகுப்பில் படித்த ஒரு துண்டுதான்.

"ஜே ஃபேன்," என்றேன். எனக்குப் பசிக்கிறது.

அவர் விளங்காமல் பார்த்தார். நான் இன்னொரு தரம் சொன்னேன். சொல்லும்போதே என் கண் நிறைந்து வழிந்தது. வெட்கமாகவும் இருந்தது, உண்மையிலேயே பசியாகவும் இருந்தது. விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் இந்த வயதில் அந்நியர் வீட்டு வாசலில் நின்று பசிக்கிறது என்று அழுகிறாள். என் தாய் பார்த்திருந்தால் தலையில் அடித்திருப்பார்.

அவர் கதவை அகலத் திறந்தார். நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவர் தன் செருப்பைக் கழற்றி வைத்தார். நான் காலை நுழைத்தேன். சூடாக இருந்தது. உள்ளே போனதும் முதலில் தண்ணீர் கேட்டேன். குழாயில் பிடித்துக் கொண்டுவந்து தந்தார். அவர் பார்த்திருக்க, நின்ற நிலையில், குவளையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அவர் குவளையை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

பை வெளியே வந்தது. ஒரு துண்டு வைத்தார். முட்டை இல்லாததால் ஓரம் சரிந்துதான் இருந்தது. லீக்சும் பாலாடையும் நெய் மணமும். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவர் எதிரில் இருந்து பணியாரத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நடுவில் யன்னலால் எட்டிப் பார்த்து, கீழே நிற்பவர்கள் யார் என்று கேட்டார். இன்னும் போகவில்லையா அவர்கள்? என் வகுப்பு என்றேன். அண்ணை கீழிருந்து கையசைத்தார். தபால்காரர் "போன்ஜூர்" என்றார்; நாய்களுக்குச் சொன்ன அதே குரலில். இவர் சிரித்துவிட்டு அவர்களுக்கும் கையசைத்தார். அதன் பிறகுதான் அவர்கள் தேவாலயத்துக்குப் போனார்கள். அந்தச் சுவர் உள்ளே எப்படி ஒளிரும் என்று நான் இன்றுவரை பார்க்கவில்லை.

என் தட்டு காலியானது. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு துண்டு வேண்டுமா என்று கேட்டார்.

பழக்கதோஷம். "நோன் மெர்சி," என்று வாய் சொல்லிவிட்டது.

கத்தி நடுவில் நின்றது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து, முதலாவதைவிடப் பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் வைத்தார்.